மூன்றாவது திருப்பம்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ரோபோ கைக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுவது என் வேலை. யார் தள்ளினாலும் அது பாதை விலகக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் வாங்கிய தள்ளலைக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவில் சேர்த்து, அடுத்தடுத்த சுற்றுகளில் அதே இடத்தில் முன்கூட்டியே எதிர்த்துத் தள்ளும்.

சோதனைக்காக அதைத் தள்ளிவிடுவது எங்கள் டெக்னீஷியன் அக்கா. இடத்தை மாற்றி மாற்றித் தள்ளச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எப்போதும் மூன்றாவது திருப்பத்தில்தான் உள்ளங்கையை வைப்பார். "ஜாலான் லா தம்பி, நேரா போ" என்று மலாயும் தமிழும் கலந்து அதனிடம் பேசுவார்.

அவர் இறந்த மறுவாரம், ஒரு காலையில், அதைத் தனியாக ஓடவிட்டேன். மூன்றாவது திருப்பத்தில் அது அக்கா வழக்கமாக நிற்கும் பக்கம் சாய்ந்தது. காரணம் தெரிந்ததுதான். அவருடைய தள்ளலை எதிர்பார்த்து எதிர்த்துத் தள்ளுகிறது. தாங்க ஆள் இல்லை. பத்துப் பதினைந்து சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த சுற்றிலேயே அது மயிரிழைகூட விலகாமல் நேராகப் போனது. எதிரே ஒரு கை தாங்கினால்தான் அப்படிப் போக முடியும்.

நிறுத்திவிட்டேன். அந்தச் சுற்றில் எவ்வளவு விசை பதிவானது என்று இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.