லட்சாதிபதி அத்தானும் கரண்ட் போன கதையும்

போன ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். ஹோலுக்குள் காலை வைத்ததுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

காரணம், டீவிக்கு முன்னால் மேசையில் இருந்த ஒரு பொருள். அத்தானின் பழைய கம்பியூட்டர். கலியாணமான புதிதில், லண்டனிலிருந்து வந்த அவருடைய அண்ணன் கொடுத்தது. கீபோர்டு மட்டும்தான் வெளியே தெரியும். மூளை எல்லாம் அதற்குள்ளேயே. டீவியில் வயரைச் செருகி, கசெட்டைப் போட்டு, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடியும்வரை காத்திருந்தால் ஒரு விளையாட்டு வரும். கடலுக்கடியில் ஒரு மனிதன் முத்துப் பொறுக்குவான். சுறா துரத்தும். அவ்வளவுதான்.

அது செத்து எத்தனையோ வருடம். தலையணை உறைக்குள் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது அக்காவின் தையல் மெஷினை விட்டுவிட்டு இதை அரிசிச் சாக்குக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு போன மனிதர் எங்கள் அத்தான். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. மன்னித்தாளா என்று நான் கேட்டதும் இல்லை.

இப்போது அந்தப் பிணம் எழுந்து உட்கார்ந்து விளக்கு எரியவிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் துடைத்துப் பளபளவென்று. எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

வாரா வாரம் படிக்கும் உங்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். கடைக்காரர் நிறுத்துத் தந்த பருப்பை வீட்டில் மறுபடியும் நிறுத்துப் பார்க்கிற ஆள் நான். சிலருக்குச் சீனி வியாதி இரத்தத்தில் இருக்கும். எனக்குச் சந்தேகம்.

இந்த விவகாரத்தில் முதல் சந்தேகம் ரிஸ்வான் மீது. கிண்ணியாக்காரர். திருகோணமலை டவுனில் கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். இன்டர்நெட் சரிபார்க்க அக்கா வீட்டுக்கு வந்தவர், அலுமாரிக்கு மேலே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

“ஐயா, இது உங்கட்டயா இரிக்கு? குடுங்க, நான் உயிர் குடுத்துத் தாறன். சல்லி வேணாம். கசெட்ட மட்டும் ஒருக்கா கொப்பி பண்ண விட்டாப் போதும்” என்றாராம்.

சல்லி வேண்டாமாம்! காசு வேண்டாம் என்று சொல்கிற திருத்துநரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. அதுவும் கீச்சுச் சத்தம் மட்டுமே பதிந்த கசெட்டை ஒருவர் எதற்குக் கொப்பி பண்ண வேண்டும்?

“உலகம் முழுக்க ஆக்கள் சேத்து வெச்சிருக்காங்க சேர். நாடா பழுதாப் போனா அந்த விளையாட்டும் போயிரும். அதுக்கு முன்ன கம்பியூட்டர்ல ஏத்திரணும். அவ்வளவுதான்” என்று, மெஷினை எடுத்துப் போக வந்த அன்று என்னிடம் சொன்னார்.

அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் அதற்கு மேலும் இருக்கிறது என்று அர்த்தம். அசலை வைத்துக்கொண்டு அதே மாதிரி ஒரு நகலைத் திருப்பித் தந்துவிட்டால்? புதிதாகவே அச்சு அசலாக அந்த மெஷினைச் செய்து விற்கிறார்களாமே! ஆகவே, கொண்டு போவதற்கு முன் யாருக்கும் தெரியாமல் அதன் அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு கீறு போட்டு வைத்தேன்.

போன ஞாயிறு முதல் வேலையாக மெஷினைப் புரட்டிப் பார்த்தேன். கீறு இருந்தது. நிம்மதியா? இல்லை. கீறைப் பார்த்துவிட்டு நகலிலும் அதே மாதிரிக் கீறியிருக்கலாமே...

ரிஸ்வான் நேரிலேயே இருந்தார். விளக்கினார். பழைய போர்டில் உயிர் இல்லை; அதைக் கழற்றி ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். கூடும் கீபோர்டும் பழையவை. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு புது போர்ட். அதில் ஓடுகிற எமுலேட்டர் என்ற மென்பொருள், அந்தப் பழைய மெஷின் மாதிரியே நடிக்குமாம்.

நடிக்குமாம்! நல்ல சொல்லைத்தான் எடுத்தார்.

சரி, இதில் அத்தானுக்கு என்ன இவ்வளவு அக்கறை? அங்கேதான் கதையே இருக்கிறது.

அந்த விளையாட்டில் தான் ஒரு லட்சம் புள்ளி தாண்டியதாக அத்தான் சொல்வார். பார்த்த சாட்சி கிடையாது. லட்சம் தாண்டிய அந்த நிமிடமே கரண்ட் போய்விட்டதாம். புள்ளியும் அழிந்துவிட்டதாம். என்ன பொருத்தம் பாருங்கள்! குடும்பத்தில் ஒருவரும் நம்பவில்லை. அன்று அவருக்கு வைத்த பெயர் ‘லட்சாதிபதி’. கலியாண வீட்டிலும் அதுதான், செத்த வீட்டிலும் அதுதான். அவருடைய மருமகன்கூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

அத்தான் வேறு எந்தக் கேலிக்கும் சிரிப்பார். இதற்கு மட்டும் எழுந்து போய்விடுவார். துறைமுகத்தில் அத்தனை வருடம் வேலை பார்த்து, ஒரு சின்னப் பொய்யும் சொல்லாதவர் என்று பெயர் எடுத்த மனிதர். அவரைப் பொய்யன் என்று சொல்ல ஊரில் கிடைத்த ஒரே விஷயம் இந்த லட்சம். இன்று அதை எங்கள் கண்முன்னால் எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதற்காகத்தான் என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளையாட்டு உடனே வந்துவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

“சத்தம் எங்க? சத்தமில்லாம வந்தா கள்ளன் வாற மாதிரியல்லோ இருக்கு!”

ரிஸ்வான் எதையோ அழுத்தினார். அந்தப் பழைய கீச்சுச் சத்தமும் வந்தது. குசினிக்குள் இருந்து அக்காவின் குரலும் வந்தது. “திரும்பவும் துவங்கீற்றுதா அந்தப் பேய்!”

அத்தான் ஆடினார். முதல் சுறாவே பிடித்துவிட்டது. மறுபடி. மறுபடியும் பிடித்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

“இது என்ர மெஷின் இல்லை. எங்கட மெஷின் நடந்தது. இது ஓடுது” என்றார் அத்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரிஸ்வான் தலையைச் சொறிந்தபடி செட்டிங்ஸுக்குள் போனார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஐயா சொல்றது சரி. நான் அமெரிக்கா டீவிட வேகத்துல விட்டுட்டன். இது லண்டன் டீவிக்குச் செஞ்ச மெஷின். கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்.”

எடுக்க இருந்த பழமொழியை விழுங்கிக்கொண்டேன். தொண்டையில் கொஞ்சம் குத்தியது.

“இன்னொண்டு ஐயா... இது இடைக்கிடை தானாச் சேவ் பண்ணும். சுறா புடிச்சாலும் பழைய இடத்துல இருந்து தொடங்கலாம்” என்றார் ரிஸ்வான்.

அத்தான் அவரை ஒரு பார்வை பார்த்தார். “அது அளாப்பல் தம்பி, கள்ள விளையாட்டு. செத்தாச் செத்ததுதான்.”

வேகத்தைக் குறைத்தபின் நான் பார்த்தது வேறு ஆள். சுறா வருமுன்பே முத்துக்காரன் விலகினான். ஐயாயிரம், பத்தாயிரம், முப்பதாயிரம்... அத்தானின் விரல்கள் தனியாக எதையோ ஞாபகம் வைத்திருந்தன. மூக்குக்கண்ணாடி வழுகி நுனிக்கு வந்தது. தள்ளக்கூட அவர் கை எடுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, சாப்பாடு போட்டாச்சு!” அக்காவின் குரல்.

அறுபதாயிரம்.

“சுறா வறை ஆறுது. எல்லாரும் வாங்கோ!”

எண்பதாயிரம். டீவிக்குள் சுறா, குசினிக்குள் சுறா, நடுவில் அத்தான். ரிஸ்வான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும்தான். இவ்வளவு காலமாகச் சிரித்தோமே, மனிதர் உண்மையைத்தான் சொன்னாரோ?

“கூப்பிடுறது காதில விழேல்லையோ?”

“இந்தா, இன்னும் கொஞ்சமப்பா...” என்றார் அத்தான்.

தொண்ணூற்றெட்டாயிரம்.

படக்!

டீவி கறுத்தது. மேலே ஃபேன் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அத்தான் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

“அண்டைக்கும் இப்பிடித்தான்” என்றார் மெதுவாக. “சரியா இப்பிடித்தான் போனது. நான் சொன்னா நீங்கள் ஆரும் நம்பினனீங்களோ?”

அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் என் காது சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ‘ஹ்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். தண்ணீர் மோட்டார்.

கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடுமா?

எழுந்தேன். குசினி வாசலுக்குப் போனேன். அங்கே சுவரில்தான் மெயின் சுவிட்ச். அதன் கீழே அக்கா நின்று, ஈரக் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவிட்ச் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

“மூண்டு தரம் கூப்பிட்டனான்” என்றாள் அக்கா.

எனக்குப் பின்னால் அத்தானும் வந்து நின்றார். சுவிட்சைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“அப்ப... அண்டைக்கும்?”

“அண்டைக்கு நாலு தரம்.”

அக்காவுக்கு இன்னும் பேச இருந்தது.

“சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக வெளிக்கிட்டு, தலையில பூவும் வச்சுக்கொண்டு ஹோல் வாசலில நிண்டனான். ‘இந்தா, இன்னும் கொஞ்சம்’ எண்டு சொல்லிச் சொல்லி பஸ்ஸும் போயிட்டுது. லட்சம் தாண்டினதை நானும் பாத்தனான். பாத்திட்டுத்தான் வந்து நிப்பாட்டினனான்.”

“நீர் பாத்தனீரோ?” அத்தானின் குரல் உடைந்தது. “பாத்திட்டு... இவ்வளவு காலமும் எல்லாரும் என்னைப் பொய்யன் எண்டு சிரிக்கேக்க ஒரு வார்த்தை சொல்லேல்லையே?”

“லட்சத்தைச் சொன்னா, நிப்பாட்டினது ஆரெண்டும் சொல்ல வேணுமே.”

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு, அந்தச் சத்தத்திலேயே, “பிழைதான்” என்றாள். அவள் வாயால் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ரிஸ்வான் மெயின் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு ஹோலுக்கு ஓடினார். “ஐயா! தானாச் சேவ் பண்ணி வெச்சிருக்கு! தொண்ணூத்தெட்டாயிரம் அப்பிடியே நிக்குது. வாங்க!”

அன்று கரண்ட் போனதும் எல்லாம் போய்விட்டது. மெஷினுக்குள் இருக்கும் இந்த நடிகன் எதையும் மறக்கவில்லை. திரையில் முத்துக்காரன் ஒரு காலைத் தூக்கியபடி, சுறாவின் வாய்க்கு நேரே காத்துக்கொண்டு நின்றான்.

அத்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். “லட்சம்தான் சாட்சியோட வந்திட்டுதே தம்பி. இனி என்னத்துக்கு? வாரும், சாப்பிடுவம்.”

அக்கா போட்டதை அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். “வறை இன்னும் கொஞ்சம் போடுமப்பா.” அக்கா சட்டியில் இருந்த அவ்வளவையும் அள்ளிப் போட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ரிஸ்வானைச் சந்தேகித்தேன். போர்டைச் சந்தேகித்தேன். அத்தானை இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்தே சந்தேகித்தேன். மூன்று பேருமே சுத்தம். இவ்வளவு காலமும் எனக்குச் சோறு போட்டு, நாங்கள் லட்சாதிபதி என்று சிரிக்கும்போது கூடவே சிரித்தவளை நான் ஒரு நாள்கூடச் சந்தேகிக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு இதுதான் பெரிய வியாதி. தூரத்தில் நிற்கிறவர்களைத்தான் உற்றுப் பார்ப்போம். பழைய மெஷினை அப்படியே நடிக்க வைத்தார் ரிஸ்வான். அதோடு சேர்ந்து அந்த வீடும் தன் பழைய வேலையை அப்படியே செய்து காட்டிவிட்டது.

இதோ, இந்த வரியைத் தட்டும்போது என் கம்பியூட்டர் அணைந்துவிட்டது. மிச்சத்தை ஃபோனில் எழுதுகிறேன். என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டில் ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது...

எதற்கும் நான் போய்ச் சாப்பிட்டுவிடுகிறேன்.