வாசனை இல்லாத கிரீம்

மகளுக்குக் கரப்பான். வாசனை கலந்த எதைத் தடவினாலும் தோல் எரியும். மாமல்லபுரத்து மெடிக்கலில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்து, வாசனையே சேர்க்காத கிரீமாகப் பார்த்து வாங்கினேன்.

மறுநாள் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் முழங்கை மடிப்பில் தடவினேன். வீலென்று அலறினாள். தப்பானதை வாங்கிவிட்டேனோ? உடனே கழுவிவிட்டு, டப்பாவை மோந்து பார்த்தேன். அத்தர் வாசம்!

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். அத்தர் பூசாமல் வாசல் தாண்டமாட்டார். கத்திக் கூப்பிட்டேன்.

"வாசனையே இல்லியே, டூப்ளிகேட்ட தலைல கட்டிட்டான்னு நெனச்சேன். அதான் என் அத்தர்ல ரெண்டு சொட்டு வுட்டேன்" என்றார்.

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் மகளைத் தூக்கக் கையை நீட்டினார். அவர் சட்டையிலும் அதே வாசம். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.