கடைசிப் பக்கத்தில் வைத்த உண்மை

மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல் பத்து மணியாகியும் விட்டபாடில்லை. ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில், கேள்விக்காரி என்று எல்லாராலும் அழைக்கப்பட்டவள், வார இறுதியில் வந்து சேர்ந்த விடைகளைத் திறந்தாள்.

மென்பொருள் எழுதுபவர்கள் எங்கே, ஏன் தவறுகிறார்கள் என்பதை இணையவழியே கேட்டும் சோதித்தும் அறிவதே பதினோரு ஆண்டுகளாக அவளுடைய பிழைப்பு. வீட்டில் தன்னைக் கேட்கும் கேள்வி பத்தாதென்று ஊரையே கேட்கிறாள் என்பார் கணவர்.

அதற்கு முன் அவளும் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதியவள்தான். எழுதியவர் பெயர் வெளியே தெரியாது என்று சொல்லி நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பு ஒன்றில் அவள் மனம்விட்டு எழுதியதை, மேலாளர் அவள் முகத்துக்கு நேரே படித்துக் காட்டினார். ஆறே வாரத்தில் வேலை போயிற்று. ஆகவே தன் ஆய்வுகளில் அவள் பெயரோ மின்னஞ்சலோ கேட்டதில்லை. எந்தக் கணினியிலிருந்து விடை வந்தது என்னும் குறிப்பும் பதிவாகாதபடி தன் கையாலேயே அடைத்துவிடுவாள்.

இம்முறை நடந்த சோதனை சற்றுக் கொடியது. பிழை மலிந்த நிரலைத் திருத்துபவருக்குப் பாதியில் ஒரு மதிப்பெண் காட்டப்படும். யார் எப்படித் திருத்தினாலும், கடைசிப் பத்து விழுக்காட்டில் இருக்கிறீர்கள் என்றே திரை சொல்லும். மனம் உடைந்தவர் அடுத்த நிரலை எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்பதே நோக்கம். அந்த மதிப்பெண் பொய் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் பக்கம் இறுதியில் இருந்தது. அதைப் படித்த பிறகே நெறிமுறைக் குழு அனுமதி தந்தது. முன்னோட்டமாகக் கூடத்தில் இருந்த பதினான்கு பேர் செய்து பார்த்தனர். உடன் வேலை செய்பவர்கள் அல்லவா, ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.

இப்போதோ முப்பத்தேழு விடைகள் அரைகுறையாக நின்றன. அத்தகையவற்றை ஒதுக்குவது வழக்கம். ஒதுக்கும்போது, மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்த கருத்துப் பெட்டியில் ஒருவர் எழுதியது கண்ணில் பட்டது.

"எட்டு மாதமாக வேலை தேடுகிறேன். ஏன் கிடைக்கவில்லை என்று இப்போது புரிந்தது. இனி யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன்."

அத்துடன் அவர் விலகியிருந்தார். உண்மை இருந்த பக்கத்தை அவர் காணவே இல்லை.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரின் அறைக்கு விரைந்தாள்.

"மின்னஞ்சல் இருக்குமேம்மா?"

"வாங்கல சார்."

"கணினியோட முகவரி?"

"அதை நான்தான் அடைச்சேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அன்றே சோதனை நிறுத்தப்பட்டது. அதன் இணைப்பை முன்பு பகிர்ந்திருந்த ஒன்பது இணையக் குழுக்களிலும் உண்மையை எழுதி, மனம் உடைந்தவர் உதவிக்கு அழைக்கும் எண்ணையும் சேர்த்து வெளியிட்டாள். ஒரு குழுவினர் அதை விளம்பரம் என்று நீக்கினர். இன்னொன்றில், இதுவும் சோதனையில் ஒரு பக்கமா என்று எவரோ நக்கலடித்தார். விலகியவர்களில் ஐவர் பதில் எழுதினர், அந்த ஐவரில் மூவர் திட்டினர். எட்டு மாதக்காரரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

இரவு வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பதைக் கண்ட கணவர், வழக்கமான கேலியை விட்டுவிட்டார். "ஒரு வேகத்துல எழுதியிருப்பாரும்மா. மறுநாளே மறந்திருப்பாரு" என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வியாழனன்று நெறிமுறைக் குழு கூடியது. விலகுபவருக்கும் அந்தப் பக்கம் தோன்றும்படி ஏன் செய்யவில்லை என்று கேட்டனர். நினைத்தே பார்க்கவில்லை என்றாள். ஆய்வு நடத்தும் உரிமை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்படுவதாக ஒருவர் படித்தார்.

குழுத்தலைவி வயதான மருத்துவர். தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. அந்த ஆளு இப்போ எப்படி இருக்காரு?"

"தெரியாது மேடம்."