நிறுத்து விற்கிற ஊர், எண்ணி விற்கிற ஊர்

மூன்று கிழமைக்கு முந்தி, ஒரு திங்கட்கிழமை காலை, நான் சரக்கு நிறுத்து அனுப்புகிற மதுரங்குளி ஸ்டேஷன் குட்ஸ் ஷெட்டில் குந்தியிருந்து உரத்த குரலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது என்று இந்தப் பத்திரிகை மூலையைக் கிழமை தவறாமல் பார்க்கிற உங்களுக்குத் தெரியும். தனக்காக வாசிக்கிறவன் வாயை மூடிக்கொண்டு வாசிப்பான். நான் மற்றவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று வாசிக்கிறவன்!

அன்றைக்கு வாசித்தது கொழும்பு இங்கிலீஷ் பேப்பரில் வந்த ஒரு பட்டியல். எந்தெந்த நாட்டு ஃபாக்டரிகள் எவ்வளவு சாமான் செய்கின்றன, அந்தந்த நாட்டு வருமானத்தில் அதற்கு எவ்வளவு பங்கு என்று யாரோ ஒரு மூளைக்காரர் அடுக்கி வைத்திருந்தார். மேலே அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று பெரிய ஆட்கள். பிறகு ஜப்பான், இந்தியா... விரலை வைத்துக் கீழே கீழே இறங்கினேன். சிலோனைக் காணவே இல்லை. கடைசி வரியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதற்குள்தான் நாங்கள் எங்கேயோ முடங்கிக் கிடக்கிறோம் என்று நினைக்கிறேன்.

"பாருங்கள், எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை!" என்று ஷெட்டில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

எல்லோரும் என்றால் யார்? இரண்டு கூலிக்காரர், ஒரு ஆடு, பிறகு ஹலீமா ராத்தா.

ஹலீமா ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. ஊர் முழுக்க அவருக்கு அதுதான் பேர். தேங்காய் நாரைத் தும்பாக்குகிற ஆலையில் வேலை செய்கிற முப்பது பெண்களுக்கும் அவர்தான் தலைவி. பொச்சுமட்டை ஊற வைக்கிற குழியில் இருந்து, தும்பை அழுத்திப் பொதி கட்டுகிறது வரைக்கும் அவர் கண் படாமல் ஒன்றும் நடக்காது. கணவர் மௌத்தாகி ஐந்து வருஷம். நாலு பிள்ளைகளின் சோறு அந்த ஆலையில் இருந்துதான் வருகிறது.

அந்தச் சோற்றுக்குத்தான் இப்போது ஆபத்து. முந்தி எங்கள் தும்பை அள்ளிக்கொண்டு போனவர்களில் ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் உண்டு. இங்கிலாந்துக்கு இப்போது இரண்டு பேரோடும் சண்டை. மிச்சம் இருக்கிற கப்பலில் தும்புக்கு இடம் இல்லையாம். பொதிகள் என் ஷெட்டில் கூரை முட்டக் கிடக்கின்றன. மாசக் கடைசியோடு ஆலையைப் பூட்டப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஒரு பொதியாவது போகுமா என்று கேட்கத்தான் ராத்தா அன்றைக்கு வந்திருந்தார். நான் என்னடா என்றால் அமெரிக்காவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறேன்!

ராத்தா பேப்பரை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மாஸ்டர், இங்கிலாந்தில தென்னை மரம் இருக்கா?"

"அந்தக் குளிரில் தென்னை எங்கே வளரும், ராத்தா?"

"அப்ப எங்கட தும்பை எடுத்து என்ன செய்றாங்க?"

மூலையில் கிடந்த பிரஷை எடுத்துக் காட்டினேன். தரை தேய்க்கிற பிரஷ், இங்கிலாந்தில் இருந்து வந்தது. அவர் அதை வாங்கி, பெருவிரலால் தும்பை ஒரு தடவு தடவினார். வருஷக்கணக்காகத் தும்பைத் தொட்ட கை அது.

"எங்கட தும்புதான்," என்றார். "ஒரு பொதியில இந்தப் பிரஷ் ஒரு அறை நிறையச் செய்யலாமே! ஒரு பொதி வித்த காசுக்கு இதில எத்தனை வாங்கலாம்?"

"மிஞ்சிப் போனால் ஒரு கூடை வரும்."

"அப்ப மிச்சப் பிரஷ் எல்லாம் எங்க போச்சு, மாஸ்டர்?"

வாசகரே, பார்த்தீர்களா? அந்த மூளைக்காரர் ஒரு பக்கம் நிறைய எழுதியதை இந்த மனுஷி ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். கையில் இருந்த பட்டியலைத்தான் காட்டினேன். மேலே இருக்கிற நாடுகளைக் காட்டி, "இங்கேதான் போயிருக்கு, ராத்தா," என்றேன்.

"அப்ப நாங்களே செஞ்சா என்ன?"

சிரித்தேன். ஓம், சிரித்தேன். அதோடு நிற்காமல் பகிடியும் விட்டேன். "செய்து கொண்டு வாங்க, பாலாவிப் பக்கத்துப் பட்டாளக் கேம்ப் துரைக்கு நானே விற்றுத் தாறன்!" துரை என்றால் அங்கே இருக்கிற ஸ்டோர் சார்ஜன்ட்தான், கிழமைக்கு ஒருக்கால் ஸ்டேஷனுக்கு வந்து, இங்கிலாந்தில் இருந்து வரவேண்டிய பிரஷ் பெட்டி இன்னும் வரவில்லை என்று என்மேல் பாய்கிறவர். கப்பல் கடலுக்கு அடியில் கிடந்தால் நான் என்ன செய்ய?

"சொன்ன சொல் சொல்தானே, மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார் ராத்தா.

நாலாம் நாள் ஒரு டசின் பிரஷோடு வந்து நின்றார்! மாம்பலகையில் தச்சர் துளை போட்டிருந்தார். கட்டுகிறதற்குக் கம்பி கிடைக்கவில்லை, சண்டைக் காலத்தில் கம்பிக்கு எங்கே போவது? ஆலங்குடாவில் வலை கட்டுகிற என் மச்சான் சவரிமுத்துவிடம் ஆள் அனுப்பி வலைநூல் வாங்கியிருக்கிறார். நூலோடு மச்சான் ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தான். "மீன் பிடிக்கிற நூலால பட்டாளத்தான்ட குசினி கழுவப் போறீங்களோ?" என்று.

நான் செய்த பிழை இங்கேதான். பழக்கதோஷத்தில் ஒரு பிரஷைத் தூக்கித் தராசில் வைத்தேன். பக்கத்தில் இங்கிலீஷ் பிரஷ். எங்களுடையது நல்ல பாரம்!

"சபாஷ், ராத்தா! வெள்ளைக்காரனையே தூக்கி அடிச்சிட்டீங்க!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆலையில் அதுதான் பெருமை. யார் கட்டின பொதி கூடப் பாரமோ அவளுக்குத்தான் நல்ல பேர். காலால் மிதித்து, முழங்காலால் அமுக்கி, இன்னும் ஒரு பிடி போகுமா என்று பார்க்கிற கைகள் அவை. பிரஷின் துளையிலும் அந்தக் கைகள் அப்படித்தான் திணித்திருந்தன. எந்தத் துளையிலும் ஒரு ஊசிகூட நுழைய இடம் இல்லை.

கேம்புக்கு இரண்டு பேரும் போனோம். சார்ஜன்ட் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பிரஷ்களை அதற்குள் போட்டுவிட்டுச் சிகரெட் பற்ற வைத்தார். கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று... தண்ணீர் குடித்த தும்பு ஊதி, பலகையைத் துளைக்குத் துளை பிளந்துகொண்டு வந்தது. பன்னிரண்டில் ஒன்பது போச்சு.

துரை கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தவணை, அதற்குப் பிறகு பம்பாயில் இருந்து பிரஷ் எடுக்க எழுதிப் போடுவேன் என்றார். நான் ராத்தாவுக்கு அதைத் தமிழில் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஆறுதல் சொல்கிறதாக நினைத்துக்கொண்டு தொடங்கினேன். "எங்கட நாட்டுக்கு இதெல்லாம் சரிவராது, ராத்தா. அவங்கள் தலைமுறை தலைமுறையா ஃபாக்டரி நடத்துறவங்கள்..."

"நாட்டை விடுங்க, மாஸ்டர்!" சீறி விழுந்தார். "ஓட்டை சின்னது. தும்பு கூடிப்போச்சு. அவ்வளவுதான் நடந்தது. அதுக்கு நாடு என்னத்துக்கு?"

வாயை மூடிக்கொண்டேன். எப்போதாவது எனக்கும் அது முடியும்.

மறுநாள் காலை வந்து என்னுடைய இங்கிலீஷ் பிரஷைக் கேட்டார். ரயில்வே சொத்து! கொடுக்கலாமா? கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்குப் போய்ப் பார்த்தால், பாயை விரித்து முப்பது பெண்களும் சுற்றி இருக்கிறார்கள். நடுவில் ராத்தா. என் பிரஷ் செத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு துளையில் இருந்தும் எடுத்த தும்பை வேறு வேறாகக் குவித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாஸ்டர், வந்து பாருங்க. இதுவும் இதுவும் ஒரே எண்ணிக்கை. இதுவும் அப்படித்தான். கிட்டத்தட்ட எல்லாமே ஒண்டு! இவ்வளவு குறைச்சலாப் போட்டு இவ்வளவு கெட்டியா நிக்க வச்சிருக்காங்களே... மாஷா அல்லாஹ்! கெட்டிக்காரங்கதான்!"

அந்தக் குரலில் பொறாமை ஒரு துளி இல்லை. அதற்கு அடுத்ததாக ஒன்று கேட்டார். "இதைச் செஞ்சவளும் அங்க என்னைப்போல ஒருத்திதானே, மாஸ்டர்?" நான் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. இங்கிலாந்து என்றால் எனக்குத் தொப்பி போட்ட துரைமார்தான். எங்கேயோ ஒரு குளிர் பிடித்த ஊரில் ஒரு பெண் எங்கள் தும்பை எண்ணி எண்ணிச் செருகுகிறாள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று பின்னேரமே ராத்தா தகரவேலைக்காரரிடம் போனார். குப்பிலாம்பில் திரி போடுகிற குழாய் இருக்கிறதல்லவா? அதில் ஒரே அளவாக முப்பது செய்விச்சார். ஆளுக்கு ஒன்று. குழாய்க்குள் லேசாக நிற்கிற தும்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு துளைக்கு. அதற்கு மேல் ஒரு இழை கூடாது.

சுலபம் என்று நினைக்கிறீர்களா? கை கேட்கவில்லை! குழாயை நிரப்பின பிறகும் இன்னும் நாலு இழையைக் கள்ளத்தனமாகச் சேர்க்கிறார்கள். ஒருத்தி அழுதே விட்டாள். "இவ்வளவு குறையப் போட்டா வாங்குறவனை ஏமாத்துறது போல இருக்கே, ராத்தா! நாளைக்கு அல்லாஹ் கேக்கமாட்டானா?"

ராத்தா அவளைத் திட்டவில்லை. "நிறுத்து விக்கிறதில குறைச்சாத்தான் மகள் களவு," என்றார். "இது எண்ணி விக்கிற சாமான். ஒண்டைப்போல மத்தது இருக்கணும். நூறாவது பிரஷை எடுத்தாலும் முதலாவதைப்போல இருக்கணும். இதில அதுதான் நேர்மை."

நான் அங்கேயே ஒரு பொதிமேல் இருந்துவிட்டேன். இத்தனை வருஷமாகத் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேனே, இது என் மண்டையில் ஏறியதா? எங்கள் ஸ்டேஷனில் இருந்து போகிறதெல்லாம் நிறுத்துப் போகிறது. உப்பு, கொப்பரா, கருவாடு, தும்பு... எல்லாம் அந்தர் என்கிற பாரக் கணக்கு. வருகிறதெல்லாம் எண்ணி வருகிறது. தையல் மெஷின், ஊசி, லாம்புக் கண்ணாடி, சைக்கிள். சைக்கிளை ராத்தல் கணக்கில் வாங்கினவர் யாராவது இருக்கிறீர்களா? உலகத்தில் நாடுகள் இரண்டு வகைதான் போலிருக்கிறது. நிறுத்து விற்கிற நாடு, எண்ணி விற்கிற நாடு. பட்டியலில் மேலே இருக்கிறவர்களுக்கு எங்களைவிட ஒரு கை அதிகமாக இல்லை. ஒரே மாதிரிச் செய்கிற பழக்கம்தான் அதிகம். அந்தப் பழக்கத்தை எத்தனை கோடி பேர் கைக்குப் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. அது லேசான காரியமா என்ன? முப்பது பேருக்கே ஐந்து நாள் பிடித்தது.

சனிக்கிழமை வந்தது. திரும்பவும் அதே வாளி, அதே துரை. பிரஷ்களைத் தண்ணீருக்குள் போட்டார். இந்த முறை சிகரெட் முடிந்தது. தேத்தண்ணி வந்தது, அதுவும் முடிந்தது. நான் 'டக்'குக்குக் காது கொடுத்துக்கொண்டே வியர்த்து நனைந்தேன். ராத்தாவின் உதடு மட்டும் அசைந்தது, ஓதிக்கொண்டிருந்தார்.

சத்தம் வரவில்லை.

துரை ஒன்றை எடுத்தார். குசினிக்குப் போய், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தரையில் முழங்காலில் நின்று தானே தேய்த்தார். சுவரில் ஓங்கி அடித்தார். குறடு கொண்டுவந்து ஒரு தும்புக் குச்சத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை! நனைந்த வலைநூல் சுருங்கி இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. என் மச்சானுக்கு இந்தச் செய்தி போனால் அவனைப் பிடிக்க ஏலாது.

துரை எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு இங்கிலீஷில் நாலு வசனம் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் ராத்தா.

திரும்பி அவருக்குத் தமிழில் சொன்னேன். "செய்கிறதெல்லாம் அவருக்கு வேணுமாம். மாசா மாசம்... ஆலையைப் பூட்டத் தேவையில்லை, ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று குசினிப் படியில் அப்படியே இருந்துவிட்டார். முக்காட்டுத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். துரை பாவம், என்ன செய்கிறதென்று தெரியாமல் தன் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

பிறகு ஒன்று சொன்னார். ஸ்டோருக்கு வருகிற சாமானில் செய்த இடத்தின் பேர் இருக்க வேண்டுமாம். பலகையின் முதுகில் சூடு போட்டுக் கொண்டுவரச் சொன்னார். சிலோன் என்று போட்டால் போதும் என்றார். ராத்தாவுக்கு விளக்கினேன்.

"சிலோன் பெரிசு, மாஸ்டர். மதுரங்குளி எண்டு போடுவம்."

துரைக்குச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு. "மதுரங்குளியா? அது எங்கே இருக்கிறதென்று உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாதே!"

அதையும் தமிழில் சொன்னேன். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"அதுக்குத்தான் போடச் சொல்றன்."