தட்டில் வைத்த மூடி

"இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று மேஜைக்கு அடியிலிருந்து சொன்னார், நெட்வொர்க் பழுது பார்க்க வந்த சூசைநாதன். நான்காவது மேஜை. தவழ்ந்து வெளியே வந்தபோது சட்டைக் கையில் சந்தனம். அன்று ஆயுத பூஜை. சிராங்கூன் சாலை மாடியிலிருந்த அந்தச் சரக்கு ஏஜென்சியில், காலையில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவை ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

"சீக்கிரம் பாருங்க லா, பேப்பர் பிரிண்ட் ஆகலைன்னா சரக்கு ஏறாது" என்றார் முதலாளி சேதுபதி.

சூசைநாதனுக்கும் அவசரம்தான். ஆறு மணிக்கு பூன் லே வீட்டில் மகள் ரூபிக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பாவாகத் தட்டை மாற்ற வேண்டியவர் அவர். மனைவி பிலோமினம்மாள் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். ஆனால் நெட்வொர்க் ஓடாமல் இடத்தை விட்டு வரக்கூடாது என்பது அவருடைய கம்பெனி உத்தரவு. டெலிபோன் கம்பி இழுத்துக்கொண்டிருந்த வருஷங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு வீட்டில் கம்பி அறுந்தால் அந்த வீட்டு போன் மட்டும்தான் வேலை செய்யாது.

கடைசி மேஜை அங்கே வேலை பார்க்கும் லீலாவுடையது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டார். கேபிள் முனை மொட்டையாக இருந்தது.

"இங்கே ஒரு மூடி இருந்துச்சே?"

"அதுவா அண்ணே? துடைக்கும்போது திருகினேன், வந்துருச்சு. சாமிகிட்ட வச்சிருக்கேன்."

சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், ரப்பர் முத்திரை. நடுவில் குங்குமத்தோடு அந்த மூடி.

"ஏம்மா, அது வெறும் மூடி இல்லம்மா! எல்லா மெஷினும் ஒரே கேபிள்லதான் பேசுது. பேச்சு முனைக்கு வந்ததும் அதை முழுங்குறதுதான் இதோட வேலை. இது இல்லன்னா பேச்சு திரும்பி வந்து பின்னால வர்றதோட முட்டிக்கும். ஒண்ணு பேசுறது ஒண்ணுக்கும் கேக்காது."

"எங்க வீடு மாதிரி" என்றாள் லீலா.

அவர் தாம்பாளத்தின் பக்கம் கையை நீட்டினார். சேதுபதி குறுக்கே வந்தார்.

"வச்சா வச்சதுதான். நாளைக்கு விஜயதசமி பூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்."

"கம்ப்யூட்டருக்கும் பொட்டு வச்சிருக்கீங்களே, அது மட்டும் ஓடலாமா?"

"அது தட்டுல இல்லையே."

கிறிஸ்தவன் சாமி தட்டில் கை வைத்தான் என்ற பேச்சு வேண்டாம் என்று சூசைநாதன் கையை இழுத்துக்கொண்டார். மாற்று மூடி பூன் லேயில் கம்பெனி ஸ்டோரில் இருந்தது. போய் வருவதற்குள் இருட்டிவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் டவருக்கு நடந்தார். நூறு ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஒரு கனெக்டர் வாங்கினார். மூடிக்குள் இருப்பதும் ரெசிஸ்டர்தான், ஐம்பது ஓம். நூறு ஓம் இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் அதே ஐம்பது. திரும்பி வந்து லீலாவின் மேஜையிலேயே ஈயம் உருக்கிச் சால்டர் செய்தார். கையைச் சுட்டுக்கொண்டார். முனையில் மாட்டியதும் பிரிண்டர் கத்தத் தொடங்கியது.

"பாத்தீங்களா, சாமி கைவிடல" என்றார் சேதுபதி.

சூசைநாதன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பஸ் பூன் லே போய்ச் சேர்ந்தபோது மச்சான் சிலுவைராஜ் தட்டை மாற்றி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சேதுபதி பூஜையை முடித்துத் தாம்பாளத்தை எடுத்தார். லீலா மூடியின் குங்குமத்தைத் துடைத்து, சூசைநாதன் செய்ததைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டினாள். நெட்வொர்க் ஓடியது. அவருக்கு போன் செய்து, கழற்றியதை என்ன செய்வது என்று கேட்டாள். டிராயரில் போடச் சொன்னார் சூசைநாதன்.