மகனுக்கு எதிரே நின்ற சாட்சி

தையல்காரம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. புருஷன் போன பிறகு மிஷினை மிதித்தே அவனை ஆளாக்கி, ஒரு வேனும் வாங்கிக் கொடுத்தாள். ஒரு நாள் காலையில் அவன் வெளிறிப்போய் வந்து, வேனின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த ரத்தத்தைக் கழுவுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரு கூட்டும் பெண்ணை யாரோ இடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று மத்தியானம் செய்தி வந்தது. போலீஸ் பிடித்துப் போனதோ அடுத்த தெரு டிரைவரை.

"நீ எதையும் பாக்கலம்மா, அவ்வளவுதான்," என்று மகன் அவள் காலைப் பிடித்தான்.

பெற்றவர்களுக்கோ நெருங்கிய சொந்தத்துக்கோ எதிராகவே ஆனாலும் நீதியின் பக்கம் சாட்சி நிற்கவேண்டும் என்பதைக் குர்ஆனில் சின்ன வயதிலிருந்து ஓதியவள் அவள். அன்றுவரை அது வேறு யாருக்கோ சொன்னதாகத்தான் இருந்தது. தொழுகைப் பாயிலேயே கிடந்து அழுதாள்.

"அந்த டிரைவரும் ஒருத்தி பெத்த பிள்ளதானேடா. நீயே போய்ச் சொல்லிடு, நானும் கூட வர்றேன்," என்று கெஞ்சினாள். அவன் மசியவில்லை. கடைசியில் அவளே கோர்ட்டில் கூண்டேறி, பார்த்ததைச் சொன்னாள்.

டிரைவர் வீடு திரும்பினான், மகன் ஜெயிலுக்குப் போனான். பார்க்க விடும் நாளெல்லாம் அவள் போய் நிற்கிறாள்.

"வரமாட்டேங்கிறான்மா," என்பார் காவலர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தைத்துக் கொண்டுபோன சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு நடப்பாள்.