மந்தைவெளி கிரவுண்ட் ஃப்ளோர்

காலையில ஆறரைக்கு போன் அடிக்கும். "எழுப்பிட்டேனா மேடம்?"னு கேப்பாங்க. எழுப்பிட்டு கேக்கற கேள்வியா இது! ஆபீஸ் போறதுக்கு முன்னாடி வீடு பாக்கணும்னு ஒரு குடும்பம், மதியம் பேங்க்ல இருந்து நழுவி வர்ற ஒருத்தர், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்றவங்க, ஞாயித்துக்கிழமை ஊரே வரும். பன்னண்டு வருஷமா மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறுன்னு ஸ்கூட்டியில சுத்தி வாடகைக்கு வீடு பிடிச்சுக் குடுக்கறேன். "உனக்கென்ன, சொந்தத் தொழில், உன் இஷ்டம்"னு என் நாத்தனார் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ராகு காலத்துல மட்டும் யாரும் வீடு பாக்க வர மாட்டாங்க. அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் உக்காந்து சாப்பிடற நேரம். திங்கக்கிழமை அது காலையில வரும், இட்லி. வியாழக்கிழமை மதியம் வரும், சோறு. மத்த வேளையெல்லாம் வண்டியில போற வழியில டீயும் பன்னும்தான்.

போன வருஷம் நாங்க குடியிருந்த வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம், ரெண்டு மாசத்துல காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து வலது கால் இழுத்துக்கிட்டே இருக்கு, மாடி ஏற முடியாது. கிரவுண்ட் ஃப்ளோர்தான் வேணும். அவர் கவலையே படலை. "ஊருக்கே வீடு பாக்கறவ, நமக்கா கிடைக்காது?"ன்னாரு. கண்டவங்களுக்கெல்லாம் காமிச்சுக்கிட்டிருந்தேனே தவிர, எங்களுக்குன்னு ஒரு வீடு பாக்க எனக்கு நேரமே இல்லை. இதைச் சொன்னா யார் நம்புவாங்க?

அப்போதான் மந்தைவெளியில ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் காலியாச்சு. வாசல்ல ஒரே ஒரு படி. வெஸ்டர்ன் டாய்லெட். ரோட்டைப் பாத்த ஜன்னல், அவர் உக்காந்து பொழுதைப் போக்கலாம். ஆனா நான் உள்ள போனதே ஒரு பார்ட்டிக்குக் காமிக்கத்தான். அவங்க பாத்துட்டு "பிடிச்சிருக்கு, வீட்ல பேசறோம்"னுட்டாங்க. ஒருத்தர் பிடிச்சிருக்குன்னு சொன்ன வீட்டை, அவங்க வேணாம்னு சொல்ற வரைக்கும் புரோக்கர் தனக்குக் கேக்கக் கூடாது. யாரும் எழுதி வைக்கலை. ஆனா அதை மீறினா தொழில்ல பேர் போயிடும்.

அன்னிக்கு முதல்ல வந்து பாத்தது புருஷன். அப்புறம் பொண்டாட்டி. அப்புறம் மாமியார், அவங்களுக்கு நல்ல நேரம் பாத்து. அப்புறம் வாஸ்து பாக்கறவர். கடைசியா மாப்பிள்ளைன்னு ஒருத்தர் வந்து குழாயைத் திறந்து திறந்து மூடினாரு. ஏன், எல்லாரும் ஒரே ஆட்டோவில வந்தா என்ன குறைஞ்சு போயிடும்? அஞ்சு தடவையும் சாவியோட வாசல்ல நின்னவ நான். இப்படியே மூணு வாரம். அப்புறம் ஒரே ஒரு மெசேஜ்: "சாரி, வேற பாத்துட்டோம்."

கோபத்தைவிட சந்தோஷம்தான் ஜாஸ்தி வந்தது, உண்மையைச் சொன்னா. நேரா ஓனர் வீட்டுக்குப் போனேன். மயிலாப்பூர்க்காரர், பெரியவர். அவரோட நாலு வீட்டுக்கும் பன்னண்டு வருஷமா ஆள் கொண்டு வந்தது நான்தான். "மாமா, அந்த வீட்டை எங்களுக்கே குடுங்களேன்"னேன்.

அவர் காபி டம்ளரைக் கீழ வெச்சாரு. "தப்பா எடுத்துக்காதேம்மா. புரோக்கருக்கு வீடு விடறதில்லைன்னு வெச்சுண்டிருக்கோம். சட்டதிட்டம் எல்லாம் தெரிஞ்சவா, நாளைக்கு காலி பண்ணுன்னா பண்ண மாட்டா."

"நானா மாமா? நானா பண்ண மாட்டேன்?"

"உன்னைச் சொல்லலைம்மா, பொதுவாச் சொல்றேன்."

பொதுவாவாம்! வக்கீல் வேணாம், போலீஸ் வேணாம், பேச்சிலர் வேணாம்னு இவங்க போட்ட லிஸ்டையெல்லாம் எத்தனை பேர்கிட்ட நான் போன்ல ஒப்பிச்சிருக்கேன்! அந்த லிஸ்ட்ல நானும் இருக்கேன்னு ஒருத்தராவது சொன்னாங்களா? நான் எழுந்துக்கும்போது, "நல்ல ஃபேமிலியாப் பாரும்மா, சீக்கிரம்"னு சாவியை நீட்டறாரு. வாங்கிக்கிட்டேன். வேற மூணு வீடும் அவர்கிட்டதான் இருக்கு, என்ன பண்ணட்டும்?

அந்த ஞாயித்துக்கிழமையே ஒரு சின்னக் குடும்பத்துக்கு அதைக் காமிச்சேன். ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "ஓனர் எப்படிங்க?"ன்னு கேட்டாரு அந்தத் தம்பி. யார் கேட்டாலும் "தங்கமானவர்"னு சொல்றதுதான் எங்க வழக்கம். அன்னிக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலை. "எனக்கு இந்த வீட்டைத் தர மாட்டேன்னுட்டாரு"ன்னேன். ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சிட்டு, அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டாரு.

எங்களுக்குக் கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. கிடைச்சதுல புகுந்தோம், அடையாறுல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாமான் ஏத்தின ஆளுங்க ரெண்டு பேர் என் வீட்டுக்காரரை நாற்காலியோட தூக்கிட்டு வந்து உள்ள வெச்சாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அவர் கீழ இறங்கலை.